பெயர் பொறிக்காத ஐரோப்பியப் பதக்கங்கள்: பெற்றவரைத் தேடுவது எப்படி?

காரைக்கடல்

எல்லோருக்கும் வணக்கம். ஒரே சட்டத்தில் (மார்பில் குத்தும் பட்டையில்) சேர்த்துத் தைத்த நான்கு பிரெஞ்சுப் பதக்கங்கள் பற்றிய கேள்வி. இடமிருந்து வலமாக:

முதலாவது லெஜியோன் தொனர், பிரான்சின் மிக உயர்ந்த விருது. வெள்ளி. ரிப்பனில் ரோஜா முடிச்சு இல்லை. நடுவட்டத்தில் பெண் தலை, சுற்றிலும் பிரெஞ்சுக் குடியரசு என்ற எழுத்தும் 1870 என்ற ஆண்டும்.
இரண்டாவது க்ருவா த கேர் (போர்ச் சிலுவை), பின்பக்கம் 1914–1917. ரிப்பன்மேல் ஒரு வெண்கல ஓலை, அதன் கீழே ஒரு வெண்கல நட்சத்திரம்.
மூன்றாவது காலனிப் பதக்கம், ‘மொரோக்கோ’ என்ற குறுக்குப் பட்டையுடன்.
நான்காவது வானவில் ரிப்பனில் 1914–1918 வெற்றிப் பதக்கம்.

எதிலும் பெயரோ எண்ணோ இல்லை. கூடவே ஒரு சீட்டு, அதில் ‘காரைக்கால் 1889’ என்று மட்டும். இதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஏடுபுரட்டி

முடியும் என்று நம்பித் தொடங்கலாம். உங்கள் கையில் இருப்பது நல்ல தொகுதி. பிரான்ஸ் அரசு இந்த நான்கிலும் பெயர் பொறித்துக் கொடுப்பதில்லை, ஆகவே உலோகத்தில் பெயரைத் தேடி நேரம் போக்க வேண்டாம். கொடுக்கும்போது எந்த அலுவலகம் பெயரை எழுதி வைத்தது, அந்தத் தாள் பிழைத்ததா, இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். எந்த நாட்டுப் பதக்கம் ஆனாலும் தேடல் இந்த மூன்று கேள்வியில்தான் நிற்கும்.

முதலில் தொகுதியே என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

லெஜியோன் தொனரில் ஐந்து படிகள்: செவாலியே, ஒஃபிசியே, கொமாந்தர், கிராண்ட் ஒஃபிசியே, கிராண்ட் க்ருவா. செவாலியே சிலுவை வெள்ளி, ரிப்பன் வெறுமையாக இருக்கும். ஒஃபிசியே தங்கம், ரிப்பனில் ரோஜா முடிச்சு இருக்கும். உங்களுடையது செவாலியே. 1870 என்ற ஆண்டு மூன்றாம் குடியரசின் அடையாளம். அது வழங்கிய ஆண்டு அல்ல. 1871 முதல் 1940 வரை வழங்கிய எல்லாவற்றிலும் அதே எண்தான் இருக்கும்.

க்ருவா த கேர் 1915 ஏப்ரலில் சட்டமானது. ரிப்பனில் உள்ள சின்னம், பாராட்டுக் குறிப்பு எந்த மட்டத்தில் வாசிக்கப்பட்டது என்பதைக் காட்டும். ரெஜிமெண்ட் அல்லது பிரிகேட் என்றால் வெண்கல நட்சத்திரம், டிவிஷன் என்றால் வெள்ளி நட்சத்திரம், கோர் என்றால் பொன்முலாம் நட்சத்திரம், ஆர்மி மட்டம் என்றால் வெண்கல ஓலை. ஆக இவருக்குக் குறைந்தது இரண்டு பாராட்டுகள்.

இதில்தான் முக்கியமான முடிச்சு இருக்கிறது. போர்க்காலத்தில் வீரச் செயலுக்காக லெஜியோன் தொனர் கொடுத்தபோது, ஆணையின் கடைசி வரியில் ‘இந்நியமனம் ஓலையுடன் கூடிய க்ருவா த கேரையும் உள்ளடக்கும்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும். அதனால் உங்கள் ஓலை தனிப் பாராட்டாக இல்லாமல், லெஜியோன் தொனர் ஆணையோடு வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் இரண்டுக்கும் ஒரே தேதி, ஒரே வாசகம், ஒரே அரசிதழ்ப் பக்கம்.

இன்னொன்று. முதல் உலகப்போரில் சிப்பாய்க்கும் ஹவில்தார் நிலையினருக்கும் வழக்கமாகக் கிடைத்தது மெதாய் மிலித்தேர் என்ற ராணுவப் பதக்கம். லெஜியோன் தொனர் பெரும்பாலும் அதிகாரிகளுக்கு. இந்தச் சட்டத்தில் மெதாய் மிலித்தேர் இல்லை. ஆகவே கீழ்நிலையிலிருந்து உயர்ந்தவர் என்பதைவிட, நேரடியாக அதிகாரியாகவோ ராணுவ மருத்துவராகவோ இருந்தவர் என்ற திசையில் முதலில் தேடுங்கள்.

நாடாமுடிச்சு

அவசரப்பட வேண்டாம். இந்த நான்கும் ஒரே ஆளுடையவைதானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். தனித்தனியாக வாங்கிய பதக்கங்களைச் சேர்த்துத் தைத்து ‘தொகுதி’ என்று விற்பது பழைய வியாபாரம். தொகுதி பொய்யானால் மேலே ஏடுபுரட்டி சொன்ன ஊகங்கள் அத்தனையும் விழுந்துவிடும்.

பார்க்க வேண்டியவை: ரிப்பன்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். பல ஆண்டு ஒரே சட்டத்தில் இருந்திருந்தால் மறைந்திருந்த பகுதி அடர்நிறமாகவும், வெளியே தெரிந்த பகுதி வெளிறியும், எல்லை நேர்கோடாகவும் இருக்கும். லெஜியோனின் சிவப்பு இதைத் தெளிவாகக் காட்டும். பின்பக்கத் துணியில் ஊசித்துளைகளை எண்ணுங்கள். நூல் போகாத வெற்றுத் துளைகள் வரிசையாக இருந்தால் யாரோ பிரித்து மீண்டும் தைத்திருக்கிறார்கள். பதக்கங்கள் ஒன்றோடொன்று உரசிய தேய்மானம் பக்கத்துப் பதக்கத்தின் உயரத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு புற ஊதா விளக்கு. ஒளியூட்டிச் சாயம் கலந்த நூல் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகே பரவலாக வந்தது, ஆகவே தையல் நூல் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் தையல் புதியது. ஆனால் பழைய ரிப்பனை இக்காலச் சோப்புத்தூளில் அலசியிருந்தாலும் அதே ஒளி வரும். அதனால் ரிப்பனை விட்டுவிட்டு, துணிக்குள் புதைந்திருக்கும் நூலைச் சோதியுங்கள்.

காரைக்கடல்

பார்த்தேன். சிவப்பு ரிப்பனில் நிறவெளிறல் நேர்கோடாக இருக்கிறது. வெற்றுத் துளைகள் இல்லை. உள் நூல் ஒளிரவில்லை.

நாடாமுடிச்சு

நல்லது. அப்படியானால் தைத்த காலத்தையும் கணிக்கலாம். வெற்றிப் பதக்கம் 1922இல் தொடங்கியது, ஆகவே இந்தத் தையல் அதற்கு முந்தியதல்ல. போராளிச் சிலுவை 1930இல் வந்தது. தகுதியுள்ளவர்கள் அதை விரும்பி வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே அது இல்லை. 1922க்கும் 1930க்கும் இடையில் தைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் அவர் புதுப்பிக்காததற்கு மரணம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதை முடிவாகக் கொள்ளாதீர்கள். பெரும்போரின் பொது நினைவுப் பதக்கமும் இதில் இல்லை; வெற்றிப் பதக்கம் பெற்றவர் பெரும்பாலும் அதையும் பெற்றிருப்பார். அதாவது வைத்திருந்தவர் எல்லாவற்றையும் மாட்டியிருக்கவில்லை.

க்ருவா த கேரின் 1914–1917 என்ற பின்பக்க ஆண்டையும் பாராட்டின் ஆண்டாக எண்ண வேண்டாம். 1915, 1916, 1917, 1918 என்று நான்கு வகை உண்டு. கடையில் என்ன கிடைத்ததோ அதை வாங்கி மாட்டியவர்கள் ஏராளம். 1914ஆம் ஆண்டுச் செயலுக்கான சிலுவையில் 1917 இருக்கலாம்.

ஏடுபுரட்டி

நாடாமுடிச்சு சொன்ன வரிசை சரி, பொருள் முதலில், தாள் பிறகு. இனி தாளுக்கு வருகிறேன்.

படி ஒன்று: லெயோனோர் தரவுத்தளம். 1977க்கு முன் இறந்த லெஜியோன் தொனர் உறுப்பினர்களின் கோப்புகளுக்கு இதுதான் வாசல். இணையத்தில் இலவசம். பெயர் தெரியாத உங்களுக்குப் பெயர்க் கட்டம் பயன்படாது. பிறந்த ஊர்க் கட்டத்தில் காரைக்காலை பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இட்டுத் தேடுங்கள். வரும் பட்டியலில் 1889இல் பிறந்தவர்களை மட்டும் பிரித்தெடுங்கள். சீட்டில் உள்ள ஆண்டு பிறந்த ஆண்டுதான் என்பதும் ஊகமே, ஆகவே 1885 முதல் 1893 வரை ஒரு தனித்தாளில் குறித்து வையுங்கள். பட்டியலில் பிறந்த ஊர் பாண்டிச்சேரி என்றோ, வெறுமனே இந்தியா என்றோ பதிவாகியிருக்கலாம். அவற்றையும் தேடுங்கள்.

கோப்பு கிடைத்தால் உள்ளே பொதுவாக இவை இருக்கும்: பிறப்புச் சான்றின் நகல், பணி விவரத் தாள், நியமன ஆணைத் தேதி, பதக்கம் அணிவித்த நிகழ்வின் குறிப்பேடு, சிலவற்றில் முகவரி மாற்றக் கடிதங்கள். பணி விவரத் தாளில்தான் ‘மொரோக்கோ’ என்ற சொல்லையும் பாராட்டுக் குறிப்புகளையும் தேட வேண்டும். காலனிப் பதக்கத்தின் பட்டை, ஒரு ஓலை, ஒரு ரெஜிமெண்ட் மட்ட நட்சத்திரம் ஆகிய மூன்றும் ஒரே தாளில் பொருந்தினால் ஆள் கிட்டத்தட்ட உறுதி. ஒன்று பொருந்தாவிட்டாலும் அடுத்த பெயருக்குப் போங்கள்.

தமிழ்ப் பெயர்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சு எழுத்தர்கள் ‘உ’ ஒலிக்கு ஓ, யூ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துப் போடுவார்கள். ‘ஜ’வுக்கு முன்னால் ஒரு டி வரும். ‘சாமி’யில் சிலர் ஒற்றை எஸ், சிலர் இரட்டை எஸ். ‘அன்’ என்று முடியும் பெயருக்குப் பின்னால் ஒரு ஈ ஒட்டிக்கொள்ளும். அதோடு 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தனிச்சட்ட (சாதி, மத வழக்கப்படியான சட்ட) உரிமையைத் துறந்து பிரெஞ்சுக் குடிச்சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டன. அதனால் தாத்தாவின் பதிவில் இருக்கும் பெயரும் பேரனின் பதிவில் இருக்கும் பெயரும் ஒன்றாக இராது. எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்பதும் கோப்புக்குக் கோப்பு இடம் மாறும். இரண்டு கட்டத்திலும் மாற்றிப் போட்டுத் தேட வேண்டும். இன்னொரு பக்கம், காரைக்காலில் பிறந்தவர் என்பதற்காக அவர் தமிழர் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அங்கே பணியிலிருந்த பிரெஞ்சு அதிகாரிகளின் பிள்ளைகளும் கலப்புக் குடும்பத்தினரும் அதே பதிவேடுகளில்தான் இருக்கிறார்கள்.

படி இரண்டு: பிறப்புப் பதிவு. பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படமாகக் கிடைக்கின்றன. ஊரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டின் கடைசிப் பக்கங்களில் பெயர் அட்டவணை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் முழுப் பதிவேட்டையும் புரட்ட வேண்டாம்.

படி மூன்று: அரசிதழ், அதாவது ழூர்னால் ஒஃபிசியேல். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்தில் இருக்கிறது. பெயர் கிடைத்தபின் 1914 முதல் 1920 வரை தேடுங்கள். எழுத்துணர் மென்பொருள் தமிழ்ப் பெயர்களைத் தாறுமாறாக வாசித்திருக்கும். பெயரால் கிடைக்காவிட்டால் படைப்பிரிவின் எண்ணையும் பதவியையும் இட்டுத் தேடி, அந்தப் பக்கத்தைக் கண்ணால் படியுங்கள்.

மணற்கேணி

ஒரு சின்னச் சந்தேகம். சிவாஜி கணேசனுக்குக் கிடைத்த செவாலியே விருதும் இதுவும் ஒன்றா? லெயோனோரில் அவரும் வருவாரா?

ஏடுபுரட்டி

இல்லை. 1995இல் அவருக்குக் கொடுத்தது கலை இலக்கிய ஆர்டரின் செவாலியே படி (ஆர்டர் என்றால் படிகள் கொண்ட விருது அமைப்பு). பல ஆர்டர்களில் செவாலியே என்ற படி உண்டு, லெயோனோரில் லெஜியோன் தொனர் மட்டுமே. தவிர, 1977க்குப் பின் இறந்தவர்கள் அதில் இல்லை. மெதாய் மிலித்தேர் பெற்றவர்களுக்கும் இதுபோன்ற நாடுதழுவிய தரவுத்தளம் கிடையாது. வெளிநாட்டுக் குடிமக்கள் லெஜியோன் தொனரைப் பெறுவார்கள், ஆனால் ஆர்டரின் உறுப்பினர் ஆகமாட்டார்கள். அதனால் அவர்கள் கோப்புகளைப் பெரும்பாலும் லெயோனோரில் எதிர்பார்க்க வேண்டாம், வெளியுறவுத் துறையின் காப்பகத்தில் தேடுங்கள்.

நெப்போலியன் காலத்தவரைத் தேடுவோருக்கு: ஆர்டர் தொடங்கியது 1802 மே 19. 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் என்ற கிளர்ச்சி அரசின் கடைசி வாரத்தில், ஆர்டரின் தலைமையகமான சால்ம் மாளிகை எரிந்தது. பழைய கோப்புகள் அதோடு போயின. பிறகு உயிரோடிருந்தவர்களிடமும் குடும்பத்தாரிடமும் தாள்களைக் கேட்டு வாங்கித் திரும்பக் கட்டினார்கள். 1871க்கு முன் இறந்தவருக்குக் கோப்பில் ஒற்றைத் தாள் மட்டும் இருந்தால் காரணம் இதுதான். ‘கோப்பு மெலிந்திருக்கிறது, ஆகவே சாதாரண ஆள்’ என்று நினைத்துவிடாதீர்கள். அதே வாரத்தில் பாரிஸ் நகரசபைக் கட்டடமும் எரிந்ததால், 1860க்கு முந்தைய பாரிஸ் பிறப்புப் பதிவுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மீட்டெடுக்கப்பட்டது. நெப்போலியனின் பழைய வீரர்களுக்கு 1857இல் கொடுத்த செயின்ட் ஹெலினா பதக்கத்தின் மையப் பட்டியலும் சாம்பல்தான். அதற்கு மாவட்டக் காப்பகங்களில் தங்கிய பிரதிகளைத்தான் நாட வேண்டும்.

விளிம்பெழுத்து

பிரிட்டிஷ் பதக்கங்களோடு இந்த இழைக்கு வருபவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே நிலைமை தலைகீழ். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். 1914 நட்சத்திரத்திலும் 1914–15 நட்சத்திரத்திலும் பின்பக்கம். அதிகாரிகளுக்குக் கொடுத்த போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் பெரும்பாலும் பதவியும் பெயரும் மட்டும், ரெஜிமெண்ட் இருக்காது.

எண்ணை மட்டும் நம்பித் தேடினால் தவறான ஆளிடம் போய் நிற்பீர்கள். 1920க்கு முன் ரெஜிமெண்டுகள் தத்தம் வரிசையில் எண் கொடுத்தன, ஒரே எண் பல படைகளில் உண்டு. பிரதேசப் படையினருக்கு 1917இல் புது ஆறிலக்க எண்கள் வந்தன, ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டு எண்.

வரிசை இதுதான். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 372 தொடரில் பதக்க அட்டவணை அட்டைகள். அந்த அட்டையில் எழுதியிருக்கும் குறியீட்டைக் கொண்டு டபிள்யூ.ஓ. 329 பட்டியல் ஏட்டுக்குப் போக வேண்டும்; எந்த பட்டாலியன் என்பது பல சமயம் ஏட்டில்தான் இருக்கும், அட்டையில் இராது. அட்டையின் பின்பக்கத்தில் அதிகாரிகளின் கடித முகவரி இருக்கக்கூடும். காப்பகத்தின் தளத்தில் உள்ள படங்களில் பின்பக்கம் கிடையாது. ஆன்செஸ்ட்ரி தளத்தின் வண்ணப் படங்களில் உண்டு.

பணிக்கோப்பு கிடைக்கவில்லை என்றால் திகைக்க வேண்டாம். 1940 செப்டம்பரில் லண்டன் கிடங்கில் குண்டு விழுந்து சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்தன. மிஞ்சியவை கருகிய ஓரங்களோடு டபிள்யூ.ஓ. 363இல். ஓய்வூதியம் பெற்றவர்களின் தாள்கள் தனியாக டபிள்யூ.ஓ. 364இல்.

வீரப்பதக்கம் என்றால் லண்டன் கெசட் என்ற அரசிதழ். டி.சி.எம். (சிறப்பு நடத்தைப் பதக்கம்) பதக்கத்துக்குச் செயலின் விவரம் அச்சாகும். 1916இல் தொடங்கிய எம்.எம். (ராணுவப் பதக்கம்) பதக்கத்துக்குப் பெயர் மட்டும் அச்சாகும், செயல் இராது. படைப்பிரிவின் போர் நாட்குறிப்பில் கெசட் தேதிக்கு முந்தைய சில மாதங்களைப் படித்து ஊகிக்க வேண்டும். இரண்டாம் உலகப்போருக்கு டபிள்யூ.ஓ. 373இல் பரிந்துரைத் தாள்களே படமாக இருக்கின்றன.

மோசடி: உண்மைப் பெயரை அராவிவிட்டு, விலைபோகும் படைப்பிரிவின் பெயரைப் பொறிப்பது. வெர்னியர் காலிப்பரால் குறுக்களவை நாலைந்து திசையில் அளந்து பாருங்கள். இந்தப் பதக்கங்கள் 36 மி.மீ. ஓரிடத்தில் குறைந்தால், அல்லது எழுத்துள்ள பகுதியில் விளிம்பு தட்டையாகி மற்ற இடத்தில் உருண்டிருந்தால் அராவியிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போர் நட்சத்திரங்களைப் பிரிட்டன் பெயரில்லாமல் கொடுத்தது. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா பெயரோடு கொடுத்தன. மதராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர் படையின் பதக்கங்களில் பெயர் இருப்பதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஒதுக்காதீர்கள், அது முறையான இந்திய வெளியீடு. முதல் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெண்கலத்தில் இருந்தாலும் அப்படியே: இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படைகளுக்கு வெள்ளிக்குப் பதில் வெண்கலம் கொடுத்தார்கள்.

நெட்டைமரம்

ஜெர்மன் இரும்புச் சிலுவை பற்றி ஒருவராவது கேட்பார், முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்.

1813 மார்ச் 10இல் பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் தொடங்கியது. 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் புதுப்பித்தார்கள், சிலுவையில் உள்ள ஆண்டு அந்தப் புதுப்பிப்பைக் குறிக்கும். 1914ஆம் ஆண்டு இரண்டாம் வகுப்பு மட்டும் ஏறத்தாழ 50 லட்சம். வளையத்தில் உள்ள எழுத்தோ எண்ணோ தயாரித்தவரின் குறி, பெற்றவரின் எண் அல்ல. தனி ஒரு இரண்டாம் வகுப்புச் சிலுவை, வேறெதுவும் இல்லை என்றால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. காரணம் 1945 ஏப்ரல் 14 இரவு போட்ஸ்டாம் மீது விழுந்த குண்டுகள். பிரஷ்ய ராணுவக் காப்பகத்தின் பெரும்பகுதி அன்று அழிந்தது.

ஆனால் பேரரசில் பிரஷ்யா மட்டும் இல்லை. பவேரியா தன் ராணுவத் தாள்களை மியூனிக்கில் தானே வைத்திருந்தது, அவை தப்பின. அங்கே கிரீக்ஸ்ஷ்டாம்ரோல்லன் எனப்படும் படைப்பதிவேடுகளில் பிறந்த தேதி, தொழில், காயங்கள், பதக்கங்கள் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். வியூர்ட்டெம்பெர்க்கின் தாள்கள் ஸ்டுட்கார்ட்டில், பாடனுடையவை கார்ல்ஸ்ரூவில். ஆகவே சிலுவையின் பக்கத்தில் என்ன தொங்குகிறது என்பதுதான் கேள்வி. பவேரிய ராணுவச் சேவைச் சிலுவை கூட இருந்தால் மியூனிக்குக்குப் போங்கள். ஹம்பர்க், பிரேமன், லியூபெக் நகரங்களின் ஹான்ஸா சிலுவை மட்டும் இருந்தால் படைத்தாள்கள் பிரஷ்யாவோடு போயிருக்கும், நகரக் காப்பகம்தான் மிச்சம்.

வெள்ளை ரிப்பனில் கறுப்புக் கோடு இருந்தால் போர்முனையில் இல்லாதவருக்கானது. மருத்துவர், அதிகாரி, அலுவலர் என்று தேடலைச் சுருக்கலாம். ரிப்பன் எளிதில் மாற்றக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது.

மேல்நிலை ஆர்டர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. பிரஷ்யாவின் உயர் வீர விருதான பூர் ல மெரீத் முதல் உலகப்போரில் 687 முறைதான் வழங்கப்பட்டது, முழுப் பட்டியலும் அச்சில் உண்டு.

ஆஸ்திரிய–ஹங்கேரிப் பதக்கங்களுக்கு வியன்னாவின் போர்க் காப்பகத்தில் பெலோனுங்ஸ்ஆன்ட்ரேக என்ற பரிந்துரைத் தாள்கள் உள்ளன. யார், எந்த நாள், என்ன செய்தார் என்று மேலதிகாரி எழுதியது. என் கணிப்பில் ஐரோப்பாவிலேயே செழுமையான பதக்கத் தாள்கள் இவைதான். ஆனால் சிப்பாய்களின் அடிப்படைப் பதிவேடுகளில் பெரும்பகுதி 1918க்குப் பின் பிரிந்துபோன நாடுகளுக்குக் கொடுக்கப்பட்டது. பொஹேமியக்காரர் என்றால் பிராகில் தேட வேண்டும்.

வோல்காக்கரை

ரஷ்யாவில் பெயர் இல்லை, எண் உண்டு. சிப்பாய்களுக்கான ஜார்ஜ் சிலுவை 1807இல் தொடங்கி, 1856இல் நான்கு வகுப்பாகி, 1913இல் ஜார்ஜ் சிலுவை என்ற பெயரை அதிகாரபூர்வமாகப் பெற்றது. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி எண் வரிசை. 1913இல் எண்கள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கின. எனவே ‘எண் 45,000’ என்று மட்டும் எழுதிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வகுப்பு, 1913க்கு முன்னா பின்னா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான்காம் வகுப்பில் எண் பத்து லட்சத்தைத் தாண்டியதும் சிலுவையின் மேல்பக்கக் கையில் 1/எம் என்று பொறித்துவிட்டு எண்ணை மறுபடி தொடங்கினார்கள். அந்தச் சிறு குறியைக் கவனிக்காமல் எண்ணைப் படித்தால் வேறொருவரின் பெயர்தான் வரும். குறுக்காக ஒளி விழச் செய்து உருப்பெருக்கியால் பாருங்கள். தாள்கள் மாஸ்கோவின் ராணுவ வரலாற்றுக் காப்பகத்தில்.

1844 முதல் 1913 வரை கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்குக் கொடுத்த சிலுவையில் புனித ஜார்ஜுக்குப் பதிலாக இரட்டைத்தலைக் கழுகு இருக்கும். பெற்றவர் காக்கேசியப் பகுதி முஸ்லிமாக இருக்கலாம் என்ற தடயம் அதிலேயே வந்துவிடும்.

சோவியத் ஆர்டர்களில் பின்பக்க எண்ணைப் பெயரோடு இணைப்பது பதக்கம் பெற்றவரின் பதிவு அட்டை. வழங்கிய ஆணையில் அந்த எண் இராது. இணையத்தில் ஆணைகளும் பரிந்துரைகளும் பெயரால் கிடைக்கும், எண்ணால் தேட அட்டை வேண்டும். ரஷ்யச் சட்டப்படி சோவியத் அரசு விருதுகளை விற்பதும் வாங்குவதும் குற்றம், அங்கே போய்ப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு விசாரிக்காதீர்கள். படம் போதும்.

தரங்கை

டென்மார்க்கைச் சேர்க்கலாமா? தரங்கம்பாடி 1845 வரை டேனியரிடம் இருந்ததால் நம் பக்கத்து ஆய்வாளர்களுக்கு இது உதவும். தானெப்ரோக் ஆர்டர் 1671இல் தொடங்கியது. 1808 சீர்திருத்தத்துக்குப் பிறகு பிறப்பும் பதவியும் பாராமல் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆர்டர் பெற்றவர் தன் வாழ்க்கைக் குறிப்பைத் தானே எழுதி ஆர்டர் மன்றத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் அங்கே உண்டு. வேறு தேசத்தில் பணிவிவரத் தாளோடு நின்றுவிடும் ஆராய்ச்சி இங்கே அவரே எழுதிய வரிகள் வரை போகலாம்.

பெயர் தெரியாவிட்டால் ஆண்டுதோறும் அச்சான அரசவை–அரசு நாட்காட்டியைப் பாருங்கள். ஆர்டர் உறுப்பினர் பட்டியலும் காலனி அலுவலர் பட்டியலும் ஒரே புத்தகத்தில் இருப்பதால் ஒப்பிடுவது எளிது. சிலுவையின் மேல் அப்போது ஆண்ட அரசரின் எழுத்து முத்திரை இருக்கும். ஒன்பதாம் கிறிஸ்டியன் என்றால் 1863–1906, தரங்கம்பாடி அதற்கு முன்பே கைமாறிவிட்டது. பெற்றவர் இறந்ததும் சின்னத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒரே சிலுவை பலரிடம் போயிருக்கலாம், சிலுவையைக் கொண்டு ஒற்றை ஆளை நிறுவ முடியாது.

காரைக்கடல்

அனைவருக்கும் நன்றி. லெயோனோரில் ஊரை வைத்துத் தேடி, ஆண்டு வரம்புக்குள் சில பெயர்களைக் குறித்திருக்கிறேன். ஒருவருக்கு மட்டும் காலனிப்படையில் பணி, மொரோக்கோவும் வருகிறது. கோப்பில் ஓலை இருக்கிறது, ரெஜிமெண்ட் நட்சத்திரம் இல்லை. விட்டுவிடலாமா?

ஏடுபுரட்டி

விட வேண்டாம். மேலே ‘ஒன்று பொருந்தாவிட்டாலும் அடுத்த பெயருக்கு’ என்று எழுதியது, கோப்பு அதை மறுக்கும்போது. இங்கே கோப்பு மௌனமாக மட்டும் இருக்கிறது. பணிவிவரத் தாளின் தேதியைப் பாருங்கள். லெஜியோன் கொடுப்பதற்காகத் தயாரித்த தாள் அந்த நாளோடு நின்றுவிடும், பின்னால் கிடைத்த பாராட்டு அதில் ஏறாது. தாள் 1916 என்றும் நட்சத்திரம் 1918 என்றும் இருந்தால் முரண் ஏதுமில்லை.

ரெஜிமெண்ட் மட்டப் பாராட்டு அரசிதழிலும் வழக்கமாக வராது. அதற்கு இரண்டு இடம். ஒன்று, பாரிஸ் அருகே வேன்சேன் கோட்டையில் உள்ள ராணுவ வரலாற்றுத் துறையின் அதிகாரி தனிக்கோப்பு, தொடர் எண் ஒய்.ஈ. என்று முடியும். மற்றொன்று, மெம்வார் தேஸ் ஓம் தளத்தில் படமாக உள்ள படைப்பிரிவு நாட்குறிப்பு, அதாவது ஜே.எம்.ஓ. சில நாட்குறிப்புகளில் பாராட்டுப் பட்டியல் மாதக் கடைசியிலும் தாக்குதலுக்குப் பிந்தைய பக்கங்களிலும் ஒட்டியிருக்கும்.

அவர் அதிகாரியாக இல்லாமல் கீழ்நிலையில் சேர்ந்தவர் என்று தெரிந்தால் படைச்சேர்ப்புப் பதிவேட்டைப் பாருங்கள். ‘கிளாஸ்’ என்பது இருபது வயது நிரம்பும் ஆண்டு. 1889இல் பிறந்தவர் 1909 கிளாஸ். முதலில் பெயர் அட்டவணையில் பதிவு எண், பிறகு அந்த எண் அடங்கிய தொகுதி. பிரான்சில் குடியேறிப் பதிந்தவர் என்றால் அந்த மாவட்டக் காப்பகம், காலனியில் பதிந்தவர் என்றால் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் காப்பகம்.

காரைக்கடல்

வேன்சேனுக்கு எழுதும்போது என்னென்ன குறிப்பிட வேண்டும்?

ஏடுபுரட்டி

குடும்பப் பெயரும் முதற்பெயர்களும் லெயோனோரில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில். மாற்று எழுத்துக்கூட்டல் தனி வரியில். பிறந்த நாள், ஊர், ‘அப்போதைய பிரெஞ்சிந்தியா’ என்ற குறிப்பு. கடைசியாகத் தெரிந்த பதவி, படைப்பிரிவு. லெயோனோர் கோப்பு எண். கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: இவர் பெயரில் அதிகாரி தனிக்கோப்பு உள்ளதா, அதன் எண் என்ன? பதக்கங்களின் கதையை எழுத வேண்டாம், படமும் அனுப்ப வேண்டாம். எண் கிடைத்தபின் நகலோ வாசிப்பறையில் முன்பதிவோ கேட்கலாம். முன்பதிவு இல்லாமல் நேரில் போனால் கோப்பு வராது.

பதில் வருவதற்குள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் காப்பகத் தளத்தில் 1889 காரைக்கால் பிறப்புப் பதிவை எடுத்து, தந்தை பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஊரில் அதே பெயரில் அதே ஆண்டு இன்னொருவர் பிறந்திருந்தால் தந்தை பெயர் ஒன்றுதான் இருவரையும் பிரிக்கும்.

நாடாமுடிச்சு

அந்தச் சீட்டை ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டத்தோடு கட்டி வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். அமிலமற்ற தாளுறையில் தனியாக வையுங்கள். சிலுவையின் எனாமலைத் துடைக்கவும் வேண்டாம். முனைகளில் ஏற்கெனவே விரிசல் தெரிகிறது, துணி இழை சிக்கினால் சில்லு பெயர்ந்துவிடும்.